ஐந்து வோல்ட்டும் மைனஸ் ஐந்து வோல்ட்டும்

பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகம் பார்க்கிறேன். இறுதியாண்டு பிராஜெக்ட் தொடங்கும் மாதத்தில் ரிச்சி தெருவுக்குப் போய்வந்த பிள்ளைகளின் கையில் தவறாமல் ஒரு 7905 இருக்கும். “மேடம், யுஎஸ்பியில பிளஸ் அஞ்சு இருக்கு. இதைப் போட்டா மைனஸ் அஞ்சு வந்துடும்ல?” வராது. 7905 மைனஸை உண்டாக்காது. மைனஸ் 7 வோல்ட்டுக்குக் குறையாமல் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பதை மைனஸ் 5-இல் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரோடு 7805, 7905 படத்தையே ரெக்கார்டு நோட்டில் வரையவைத்துப் பழக்கியவர்கள் நாங்கள். பிழை எங்களுடையது.

இன்று வீட்டுக்கு வீடு யுஎஸ்பி சார்ஜர் இருக்கிறது. சிறிய ஆப்-ஆம்ப் சர்க்யூட்டுக்கு அதுவே போதும். ஆனால் எந்தச் சிப் மலிவு என்று கடையில் கேட்குமுன், மைனஸ் பக்கம் எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி வீணை பிக்கப்புக்கு ப்ரீஆம்ப் செய்தாள். அதிலிருந்த டிஎல்072 இழுப்பது ஏறக்குறைய 3 மில்லிஆம்பியர். அதற்கு, பிளஸ் ஐந்தை மைனஸ் ஐந்தாகப் புரட்டித் தரும் 7660 தாராளம்: ஒரு சிப், இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், காயில் வேண்டாம். அதன் உள்தடை 55 ஓம் அளவில் இருப்பதால் 0.2 வோல்ட்கூட இழப்பில்லை. அதிலேயே 20 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும்.

வீணையை மீட்டாதபோதும் ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி கேட்டது. பேட்டரிக்கு மாற்றினால் அமைதி. 7660-இன் ஆசிலேட்டர் 10 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது, காதுக்கு எட்டும் எல்லை. டிசி7660எஸ் என்ற வகையில் முதல் காலை 5 வோல்ட்டோடு சேர்த்தால் அது 45 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அவளும் சேர்த்துத்தான் இருந்தாள். கடையில் கொடுத்ததோ ‘எஸ்’ இல்லாத சிப். அதில் முதல் காலுக்கு உள்ளே இணைப்பே கிடையாது! இரண்டு நாள் அதில் போயிற்று. மறுமுறை கவுண்டரில் நின்றபடியே ஃபோன் கேமராவைப் பெரிதாக்கி, சிப்பின் முதுகைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுத்தாளாம்.

ஹெட்போன் ஆம்ப் என்றால் கணக்கு வேறு. இரு பக்கமும் 12 வோல்ட், 40 மில்லிஆம்பியர் என்றால் ஏறத்தாழ ஒரு வாட். திறன் 70 சதவீதம் என்று வைத்தாலும் யுஎஸ்பியிலிருந்து 275 மில்லிஆம்பியர் போதும், யுஎஸ்பி 2.0 தருவது 500. இதற்கு நான் எம்சி34063 சொல்வேன்: பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று. பழைய சிப், விலை குறைவு, பிரெட்போர்டில் பொருந்தும், காயில் கணக்கைப் போட்டே தீர வேண்டும். ரெடிமேட் மாட்யூல் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கடை வைத்திருப்பவருக்கு அது சரி. படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்குதானே பாடம்?

வைவாவில் 7805-இன் மூன்று கால்களின் பெயரைக் கேட்பதை இந்த ஆண்டோடு நிறுத்துவோம். ஆளுக்கொரு 7660எஸ் கொடுத்து, சுமையை ஏற்ற ஏற்ற மைனஸ் வோல்ட்டேஜ் எப்படிக் குறைகிறது என்று மல்டிமீட்டரில் அளந்து வரையச் சொல்வோம். அரை மணி நேர வேலைதான்.