மின்சுற்றுப் படம் மட்டும் போதுமா?

மின்சுற்றுப் படத்தைப் பிழையின்றி வரைந்து, உறுப்புகளின் மதிப்புகளைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டால் கருவி இயங்கியே தீரும் என்றுதான் நம்மில் பலர் நம்புகிறோம். நம் செய்முறை ஏடுகளும் அந்த நம்பிக்கையையே வளர்க்கின்றன. படத்துக்கு ஒரு பக்கம், கணக்கீட்டுக்கு ஒரு பக்கம், அட்டவணைக்கு ஒரு பக்கம். அந்தப் படம் செம்பும் பலகையுமாக உருவெடுக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்கு அரைப் பக்கம்கூட இல்லை. கம்பியில்லாத் தொடர்பைப் பொறுத்தவரை இது பெருங்குறை என்பது என் கருத்து.

தாழ்ந்த அதிர்வெண்களில் இக்குறை வெளியே தெரிவதில்லை. ஒலிபெருக்கிச் சுற்றில் ஒரு கம்பி இரண்டு அங்குலம் நீண்டுவிட்டாலும் பாட்டுக் கேட்கத்தான் செய்யும். ஆனால் இன்று நம் மாணவர்கள் திட்டப்பணிகளில் கையாளும் வைஃபை, புளூடூத் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குபவை. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இப்பட்டையைக் குறைந்த திறன் கருவிகள் உரிமமின்றிப் பயன்படுத்த நம் அரசு 2005இல் வழிசெய்தது. இங்கே அலைநீளமே ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர்தான், அதில் கால் பங்கு 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு நீளமுள்ள செம்புக் கோடு வெறும் கோடாக இருக்குமா? நாம் கேளாமலே ஆன்டெனாவாகிவிடும். மெல்லிய கோடு ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி மின்தூண்டல் உடையது. இந்த அதிர்வெண்ணில் அது 15 ஓம் தடையாக நிற்கும். நாம் வரைந்த படத்தில் அந்த 15 ஓம் எங்கே இருக்கிறது?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. போன மின்னோட்டம் திரும்பி வந்தாக வேண்டும். உயர் அதிர்வெண்ணில் அது குறுக்கு வழி தேடுவதில்லை. தான் போன கோட்டுக்கு நேர் அடியில், ‘கிரவுண்டு’ என்று நாம் சொல்லும் செம்புப் பரப்பின் வழியே திரும்புகிறது. அந்தப் பரப்பை வேறொரு கோட்டுக்காகக் குறுக்கே வெட்டிவிட்டால், ஓட்டம் சுற்றிக்கொண்டு வரும். அந்தச் சுற்று வேண்டாத அலைகளை வீசும், பக்கத்து இரைச்சலையும் வாங்கும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கே சுவர் அந்த அடிப்பரப்பு. வழக்கமான 1.6 மில்லிமீட்டர் கண்ணாடி இழைப் பலகையில், அடியில் முழுச் செம்பு இருக்க, மேலே சுமார் 3 மில்லிமீட்டர் அகலக் கோடு இழுத்தால்தான் ஆன்டெனாவுக்குச் செல்லும் வழி 50 ஓம் ஆகும். அடிப்பரப்பு இல்லையேல் அந்தக் கணக்குக்கே பொருளில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆன்டெனாவுக்கு வரும்போது விதி தலைகீழாகிறது. பலகையில் அச்சிட்ட ஆன்டெனாவுக்கு அடியில் எந்த அடுக்கிலும் செம்பு இருக்கலாகாது. ஆயினும் பக்கத்தில் இருக்கும் கிரவுண்டுப் பரப்புதான் அந்த ஆன்டெனாவின் மறுபாதி. பலகையை மிகவும் சிறிதாக்கினால் அந்தப் பாதியும் குறுகிப்போகும்.

“இத்தனை சிரமம் எதற்கு? ஆன்டெனாவோடு சேர்ந்த மாட்யூல் கடையில் கிடைக்கிறதே” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. பல வேளைகளில் அதுவே புத்திசாலித்தனம். ஆனால் ஈஎஸ்பி32 மாட்யூலைச் செய்யும் நிறுவனமே, ஆன்டெனாப் பகுதி பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கட்டும், முடியாவிட்டால் சுற்றிலும் 15 மில்லிமீட்டராவது வெற்றிடம் விடுங்கள் என்று சொல்கிறது. நம்மவர்களோ அதைப் பலகையின் நடுவில் பொருத்தி, பக்கத்தில் பேட்டரியை வைத்து, அழகுக்காக எவர்சில்வர் டப்பாவில் அடைக்கிறார்கள்! அடுத்த அறைக்குக்கூடச் செய்தி எட்டவில்லை என்று நிரலில் பிழை தேடி இரவெல்லாம் விழிக்கிறார்கள். பிழை இருக்குமிடம் நிரலன்று. திறந்தவெளியில் 6 டெசிபல் இழந்தாலே எட்டும் தொலைவு பாதியாகிவிடும். எவர்சில்வர் டப்பா அதைவிடப் பன்மடங்கு விழுங்கும்.

விலையுயர்ந்த அளவுக் கருவிகள் இல்லாமல் இதைக் கற்பிக்க முடியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. பலகை வரைய கிகேட் என்னும் மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. பிரான்சில் ஆசிரியராக இருந்த ழான்-பியேர் ஷாரா 1992இல் தொடங்கிய பணி அது. ஒரே மாட்யூலுக்கு இரண்டு பலகைகள் வரைந்து, ஃபெர்ரிக் குளோரைடில் அரித்தெடுப்போம். ஒன்றில் ஆன்டெனா விளிம்புக்கு வெளியே. மற்றொன்றில் செம்பின் மேல். வராந்தாவின் இரு கோடிகளில் வைத்தால், எவ்வளவு வலிமையான அலை கிடைத்தது என்பதை மாட்யூலே எண்ணாகச் சொல்லிவிடும். ஒரு பிற்பகல் போதும்.

பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்றால், ஏதேனும் ஒரு சோதனை விலகி வழிவிடட்டும். எதை விலக்குவது என்பதை ஆசிரியப் பெருமக்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், முதலாண்டில் ஒரு முறையும் இரண்டாம் ஆண்டில் மறுபடியும் நாம் செய்கிற ஜீனர் டையோடு சோதனையைச் சொல்வேன்.