வெறும் வேர்தானே!

திருக்கடையூரில் ஆண்டு முழுவதும் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடந்துகொண்டே இருக்கின்றன. எமனை உதைத்த பெருமானின் சந்நிதியில் ஆயுளை வேண்டிக்கொள்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் தாம்பூலப் பையோடு உறவினர்கள் இலவசமாக வழங்கும் யோசனை ஒன்று இருக்கிறதே, அதன்மேல்தான் எனக்குக் கோபம்.

"மாமா, ஓயாத கவலையா? ராத்திரி தூக்கம் வரலையா? அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கலந்து சாப்பிடுங்கோ. வெறும் வேர்தானே, ஒண்ணும் பண்ணாது!"

ஒன்றும் பண்ணாது என்றால் எதற்கு ஐயா சாப்பிடுவது? நல்லது செய்யும் வலிமையுள்ள பொருளுக்குக் கெடுதல் செய்யும் வலிமையும் உண்டு.

சர்ப்பகந்தியும் வெறும் வேர்தான். அது ரத்தக்கொதிப்பைத் தணிப்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ல் எழுதி உலகுக்குக் காட்டினார். 1952ல் அதிலிருந்து ரெசர்பைன் என்ற சத்தைப் பிரித்தார்கள். கொந்தளிக்கும் மனத்தை அடக்கவும் கொடுத்தார்கள். பலர் அமைதியடைந்தார்கள், சிலர் மனச்சோர்வில் விழுந்ததாக டாக்டர்களே எழுதினார்கள்.

அமுக்கரா மட்டும் விலக்கா? சிலருக்கு மயக்கம், வயிற்றுப்போக்கு. அபூர்வமாகக் கல்லீரல் கெட்டு மஞ்சள்காமாலை. தைராய்டு சுரப்பையும் அது கூட்டக்கூடும். கூடினால் வருவது என்ன? எதற்காகச் சாப்பிட்டோமோ அதே படபடப்பு! டென்மார்க் அரசு 2023ல் இதைத் தடையே செய்துவிட்டது. அறுபது வயதில் ஏற்கனவே சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை விழுங்குகிறவர், இதையும் சேர்த்தால் கேட்பானேன்?

அந்தக்கால வைத்தியர் நாடி பார்த்தார், அளவு சொன்னார், பத்தியம் விதித்தார். கடை டப்பாவுக்கு நாடி பார்க்கத் தெரியுமா?

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். "சாப்பிட்டதிலிருந்து எனக்கு அதிகமாகிறது" என்று ஒருவர் சொன்னால், "எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்கிறார்களே, அதை மன்னிக்க முடியாது. ஏற்கனவே தம் மனத்தையே நம்ப முடியாமல் தவிக்கிறவர் தம் உடம்பையும் நம்பக்கூடாதாம்! ஒரே வாய்க்கால் தண்ணீர்தான் இரண்டு வயலுக்கும் பாய்கிறது. மேட்டுவயலில் பயிர் நிமிர்கிறது, பள்ளத்தில் அழுகுகிறது. அழுகும் பயிரைப் பார்த்து, "உனக்குப் பிரமை" என்று எந்த விவசாயியாவது சொன்னதுண்டா? வரப்பை வெட்டித் தண்ணீரை வடிய விடுவான்.

அவ்வளவுதான் நான் கேட்பது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்துங்கள். டாக்டரிடம் போகும்போது சூரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்களோ, அவர் சொல்வதை நம்புங்கள். அதற்கு மனமில்லாதவர்கள் தயவுசெய்து வைத்தியம் சொல்லாதிருங்கள்.