மெய்நிகர்க் கடையும் சிற்றுண்டிச்சாலை நாளும்

ஏழை மாணவர்க்கு மெய்நிகர்க் காட்சிக் கருவிகளின் வழியே தொழில்முனைவைக் கற்பிக்கலாம் என்ற பேச்சு இப்போது ஆசிரியர்களிடையே எழுந்துள்ளது. நல்ல எண்ணந்தான். ஆயினும், கருவி வாங்கப் பணம் திரட்டுமுன் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜொகூர்த் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர் வீட்டில் கேட்டு வளர்ந்தது சம்பளம் என்ற ஒரு சொல்லைத்தான். பாட்டன் பால்மரம் சீவினார். தந்தை விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். பொருளுக்கு விலை வைப்பது எப்படி, முதல் எது இலாபம் எது, கடன் கேட்டு வருபவரிடம் எப்படிப் பேசுவது என்பனவெல்லாம் அவ்வீட்டில் பேசப்படாதவை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கோ இவை சோற்றோடு ஊட்டப்படுகின்றன.

இந்த இடைவெளியை மெய்நிகர்க் கருவி ஓரளவு குறைக்கக்கூடும். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், ஊழியர் பயிற்சிக்காக 17,000 ஓக்குலஸ் கோ கருவிகளைத் தன் கடைகளுக்கு அனுப்புவதாக 2018இல் அறிவித்தது. கூட்ட நாளில் வாடிக்கையாளரை எதிர்கொள்வது போன்றவற்றை அதில் ஒத்திகை பார்க்கலாம். கூச்சம் மிகுந்த நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய ஒத்திகை நல்லதே. ஆனால் அங்கே பயின்றவர்கள் ஊழியர்கள். அவர்களுக்குக் கடை வைக்க யாரும் கற்றுத் தரவில்லை.

கருவியின் ஆயுளும் குறுகியது. அந்த ஓக்குலஸ் கோ 2020இல் விற்பனையிலிருந்து நின்றது. பள்ளிகளுக்கென்றே கூகுள் 2015இல் தொடங்கிய எக்ஸ்பெடிஷன்ஸ் 2021இல் மூடப்பட்டது. இன்னொன்று, மெட்டா தன் கருவிகளைப் பத்து வயதுக்குக் குறைந்தோர்க்கு அனுமதிப்பதில்லை. ஆக, முதல் மூன்று ஆண்டு மாணவர்க்கு இது கிடையாது.

என் கருத்து இதுதான். பள்ளிதோறும் வாங்க வேண்டாம். மாவட்டத்திற்கு ஒரு தொகுதி போதும், சுற்றில் விடலாம். காட்சிகளை வெளிநாட்டிலிருந்து இறக்காமல், ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவான் கடைத்தெருவில் நாமே படமெடுப்போம். கதவு திறப்பது முதல் கணக்கு முடிப்பது வரை, நம் மொழியில், நம் கடைக்காரரைக் கொண்டே.

அதன்பின் கருவியைக் கழற்றிவிட்டு, சிற்றுண்டிச்சாலை நாளன்று ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர் குழுவிடம் ஐம்பது ரிங்கிட் முதல் கொடுங்கள். வாங்குவதும் விலை வைப்பதும் அவர்களே. வடை மிஞ்சினால் நட்டம் அவர்கள் கணக்கில் எழுதப்படட்டும். மெய்நிகர்க் கடையில் வடை மிஞ்சுவதே இல்லை! இலாபம் வந்தால், தலைமையாசிரியர்களே, தயவுசெய்து அதைப் பெற்றோர் ஆசிரியர் சங்க நிதியில் சேர்த்துவிடாதீர்கள். பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள்.