திடீர் மரணம் அல்ல

ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகனின் வரவேற்பறையில் கடந்த கோடையில் ஒரு மட்டி இறந்துபோனது. உள்ளங்கையளவு ஓடு, அதிலிருந்து விரிந்து கிடந்த நீல நிறச் சதைமடல். தண்ணீரை வடிகட்டித் தானே உண்ணும், எதுவுமே போடத் தேவையில்லை என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றிருக்கிறார். மூன்று மாதங்களில் அது இறந்தபோது, சில வேளைகளில் இப்படித் திடீரென்று செத்துவிடும் என்றாராம்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்துவரும் நான் 'திடீர் மரணம்' என்ற சொற்றொடரை இலகுவில் நம்புவதில்லை. அந்த மட்டி மூன்று மாதங்களாகப் பட்டினி கிடந்தே செத்தது.

திரிடக்னா என்ற இந்த இனத்து மட்டிகளின் உணவில் பெரும்பகுதி வாய் வழியாக வருவதல்ல. அவற்றின் சதைமடலுக்குள் வாழும் நுண்ணிய அல்காக்கள் ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவே மட்டியைப் போஷிக்கிறது. ஆகவே இந்த உயிருக்கு வெளிச்சம்தான் சோறு. மருமகனின் தொட்டியிலோ, தொட்டியோடு சேர்த்து விற்கப்பட்ட மலிவான விளக்குத்தான் எரிந்தது. மீனைப் பார்ப்பதற்கு அது போதும். மட்டி வாழ்வதற்குப் போதாது. அதுவும் அவன் வாங்கியது மக்சிமா. குரோசியாவும் மக்சிமாவும் கடும் ஒளி கேட்பவை. டெராசா, ஸ்குவாமோசா என்பவை ஓரளவு குறைந்த ஒளியையும் தாங்கும். விற்றவருக்கு இந்த வேறுபாடு தெரியாதென்றால் அவர் ஏன் விற்கிறார்? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை?

ஒளியோடு முடிவதுமில்லை. ஓடு கட்டுவதற்குக் கல்சியம் வேண்டும். லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை. காரத்தன்மை இன்று எட்டு, நாளை பதினொன்று என்று ஆடக் கூடாது. தண்ணீரைப் பளிங்குபோல் சுத்தமாக்கி நைத்திரேற்றை முற்றாக நீக்கிவிட்டாலும் மட்டி வாடும், ஏனெனில் அந்த அல்காக்களுக்கு அதுவே பசளை. மீனின் வெண்புள்ளி நோய்க்கென்று செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் மட்டியின் கதை அன்றோடு சரி. பாறையை நார்களால் பற்றியிருக்கும் மட்டியை இழுத்துப் பிடுங்கினாலும் அடியிலுள்ள சுரப்பி கிழிந்து செத்துவிடும்.

நலமாக இருக்கிறதா என்று அறிவது கடினமன்று. மடலின் ஓரம் நெடுகச் சிறு கண்கள் இருக்கின்றன; கையின் நிழல் பட்டதும் வெடுக்கென்று சுருங்க வேண்டும். ஓட்டின் மேல்விளிம்பில் புதிய வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். மருமகனின் மட்டியில் அந்தக் கோடு ஒருநாளும் தோன்றவில்லை. 'வடிவா இருந்தது மாமா' என்கிறான். வடிவாகத்தான் இருந்திருக்கும், மடல் வெளிறும் வரையில்.

நம் ஊரில் மட்டி என்றால் மூடனையும் குறிக்கும். இங்கே யார் மட்டி என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இந்த மட்டிக் குடும்பம் முழுவதும் 1985 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. வணிகம் தடைசெய்யப்படவில்லை, கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பண்ணையில் வளர்ந்த மட்டிகளும் கிடைக்கின்றன. பலாவுத் தீவுகளில் பல பத்தாண்டுகளாகக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். ஆகவே வளர்க்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. கடலில் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிரைப் பூச்சாடியைப்போல் விற்பதும், பூச்சாடியைப்போல் வாங்குவதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மீனுக்கு இரை போட மறந்தால் குற்றம் என்கிறோம். மட்டிக்கு ஒளி கொடுக்காவிட்டால் அது விதியாம்!

இன்னொன்று வாங்கட்டுமா என்று மருமகன் தொலைபேசியில் கேட்டான். அந்தக் காசுக்கு முதலில் நல்ல விளக்கொன்றும், கல்சியமும் காரத்தன்மையும் அளக்கும் சோதனைப் பெட்டியும் வாங்கு, ஆறு மாதம் அளவுகளை எழுதி வை, பிறகு பேசுவோம் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. பழைய மட்டியின் ஓட்டில் இப்போது அவனுடைய மகள் தலைமயிர்க் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாளாம்.