கிளியூர் அருவியும் மின்காந்தக் கல்வியும்

கல்வி கற்பார் இரு திறத்தினர். பிறர் கண்ட விடைகளைத் தொகுத்து வைப்போர் ஒரு திறத்தினர். தமக்கெழுந்த வினாக்களைப் பின்தொடர்ந்து செல்வோர் மற்றொரு திறத்தினர். பரீட்சை பெரும்பாலும் முன்னவரைப் போற்றுகின்றது. அறிவோ பின்னவரால் வளர்கின்றது.

பௌதிகத்தின் பகுதியாகிய மின்காந்தவியலைக் கற்கும் முறை குறித்துத் தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன் எழுதப் புகுதல் மிகையென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பினும் நன்றே. அவ்வியலின் சூத்திரங்களை உருப்போடுதல் கல்வியாகாது. வினாக்களையும் கணக்குகளையும் எழுப்பி, அவற்றோடு போராடியே அதனைக் கற்றல் வேண்டும் என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் என் குறையைக் கூறிவிடுகின்றேன். மேனிலைப் பள்ளியில் யானும் பௌதிகம் பயின்றவனே. காந்தப்புலத்தை வெட்டிச் செல்லும் கடத்தியில் மின்னியக்கு விசை தோன்றும் என்னும் விதியைப் பிழையின்றி எழுதுவேன். மதிப்பெண்ணும் குறைவின்றிப் பெற்றேன். ஒருநாள் மாலை வீட்டில் மின்சாரம் நின்றது. மின்விசிறி சற்று நேரம் தானே சுழன்றுகொண்டிருந்தது. என் தங்கை அதனைச் சுட்டி, “அண்ணா, காற்றாடி இன்னும் சுற்றுகிறதே, இப்போது மின்சாரம் கம்பியில் திரும்பிப் போகுமா?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாமையினும், அத்தகைய வினா என் உள்ளத்தில் ஒருகாலும் எழாதிருந்தமையே என்னைப் பெரிதும் வருத்திற்று. எனக்குப் பௌதிகம் வாராது என முடிவு கட்டினேன். யான் தமிழை விரும்பி இத்துறைக்கு வந்தேன் என்பது உண்மை. பௌதிகத்திற்கு அஞ்சி வந்தேன் என்பதும் உண்மையே.

அவ்வச்சம் நீங்கிய இடம் கிளியூர் அருவி.

சென்ற ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில் எங்கள் விடுதி மாணவர் எண்மர் ஏற்காட்டிற்குச் சென்றோம். சேலத்தை அடுத்த சேர்வராயன் மலைமீது, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது அவ்வூர். அங்குள்ள ஏரி நிரம்பி வழியும் நீரே, கிளியூர்ப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்றும் அருவியாய் வீழ்கின்றது. பாறைமீது நின்று அனைவரும் அதன் அழகை வியந்துகொண்டிருக்கையில், பௌதிகம் பயிலும் நண்பன் ஒருவன், “மேட்டூரில் நீர் சக்கரத்தைச் சுழற்றுகின்றது, சக்கரம் மின்னாக்கியைச் சுழற்றுகின்றது. சக்கரமும் கம்பிச்சுருளும் இல்லாமல் இந்நீரே மின்னியக்கு விசையை உண்டாக்குமா?” என்றான்.

முதலில் அனைவரும் சிரித்தோம். பின்னர் ஒருவன் சிந்தித்தான்: நீரும் ஓரளவு மின்கடத்தியே, பூமியோ ஒரு பெருங்காந்தம், கடத்தி காந்தப்புலத்தை வெட்டிச் செல்கின்றது. அங்ஙனமாயின் ஏன் உண்டாகாது? அன்றிரவு தங்குமிடத்தில் ஒரு தாளை விரித்துக் கணக்கிடத் தொடங்கினோம்.

தமிழ்நாடு பூமியின் காந்த நடுக்கோட்டை அடுத்திருத்தலின், இங்குக் காந்தப்புலம் ஏறத்தாழக் கிடையாக, வடக்கு நோக்கி அமைந்துள்ளது. அதன் வலிமை ஒரு டெஸ்லாவை 1,00,000 கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ 4 கூறு. நீர் செங்குத்தாக வீழ்வதால் அப்புலத்தை நேராக வெட்டுகின்றது. தடையின்றி 300 அடி வீழும் நீர் அடியை எய்தும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர். அருவியின் அகலத்தை 5 மீட்டர் எனக் கொள்வோம். வேகம், புலம், அகலம் ஆகிய மூன்றையும் பெருக்க, 8 மில்லிவோல்ட்டுக்குச் சிறிது மேற்பட்ட விடை கிடைத்தது. ஒரு டார்ச் விளக்கின் மின்கலம் தருவது 1.5 வோல்ட். இத்தகைய அருவிகள் 170-க்கு மேல் வரிசையாய் இணைந்தாலன்றி அச்சிறு மின்கலத்திற்கு ஈடாகா! மேட்டூரில் வலிய காந்தமும் பல சுற்றுக் கம்பியும் ஏன் வேண்டப்படுகின்றன என்பதை அன்றே யான் அறிந்தேன். முன்னர் அதனைப் படித்திருந்தேன்; அறிந்திருக்கவில்லை.

விடை கிடைத்ததென்று மகிழ்ந்த எங்களை மற்றொரு நண்பன் மறுத்தான். நீர் பாறையில் மோதி மோதி வீழ்கின்றது. ஆதலின் 42 மீட்டர் என்பது மிகைக் கணக்கு. அன்றியும் அது துளிகளாய்ச் சிதறுகின்றது. சிதறிய துளிகள் ஒரே கடத்தியாகுமோ? இவ்விரு தடைகளும் ஏற்கத்தக்கனவே. ஆகவே யாங்கள் கண்டது ஒரு மேல்வரம்பேயன்றி உண்மை அளவு அன்று. பின்னர் நூலகத்தில் தேடியபோது, சிதறும் நீர்த்துளிகள் அருவியின் அருகிலுள்ள காற்றையே மின்னூட்டம் பெறச் செய்கின்றன என்பதை லெனார்டு என்னும் ஜெர்மானிய அறிஞர் 1892-இல் ஆராய்ந்து எழுதினார் என அறிந்தோம். தடையாக வந்த துளியே மற்றொரு கதவைத் திறந்தது.

மூன்றாவது தடை எங்களை நாணச் செய்தது. நீர் கீழ்நோக்கியும் புலம் வடக்கு நோக்கியும் இருப்பின், விசை கிழக்கு நோக்கியே அமையும். ஆதலின் அருவியின் அகலம் கிழக்கு மேற்காக அமைந்தாலன்றி யாங்கள் கண்ட தொகை முழுதும் வாராது. தெற்கு வடக்காக அமையின் ஒன்றுமே வாராது. “அருவி எத்திசை நோக்கி வீழ்கின்றது?” என்று நண்பன் வினவினான். இரண்டு நாழிகை அதன்முன் நின்ற எண்மரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை! கண்டோம், ஆயினும் நோக்கவில்லை. வினாவின்றிக் காணும் கண் இத்தகையதே.

கல்லூரிக்குத் திரும்பி ஆசிரியர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். அவர் பாராட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. “உங்கள் அளவுக்கருவியும் அதன் கம்பிகளும் நீரோடு சேர்ந்தே வீழுமாயின் அக்கருவி என்ன காட்டும்?” என்று மட்டும் வினவினார். இரண்டு நாள் கழித்தே விடை கண்டோம். கம்பியும் நீரைப் போலவே புலத்தை வெட்டுவதால், ஒன்றன் விசையை மற்றொன்று ஈடுசெய்யும். கருவி ஒன்றும் காட்டாது. அசைவு எதனைச் சார்ந்தது என்னும் இவ்வினாவுக்கு நெருங்கிய உறவுடையதே, காந்தம் அசைகின்றதா, கடத்தி அசைகின்றதா என்பது. ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதிய சார்பியல் கட்டுரையின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது அதனையே என்று ஆசிரியர் பின்னர்க் கூறினார்.

மைக்கேல் பாரடே 1832 ஜனவரியில் லண்டனிலுள்ள வாட்டர்லூ பாலத்தின்மேல் நீண்ட செப்புக் கம்பியை அமைத்து, அதன் இரு முனைகளிலும் தகடுகளைக் கட்டித் தேம்ஸ் நதியில் அமிழ்த்தினார்; ஓடும் நதி மின்சாரம் தருகின்றதா எனச் சோதித்தார். தெளிவான விடை அவருக்குக் கிடைத்திலது. ஆயினும் அவர் வினா பிழையன்று. குழாயில் ஓடும் நீரின் அளவை இன்று காட்டும் மின்காந்த ஓட்டமானிகள் அக்கொள்கையின் மேலேயே இயங்குகின்றன. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. லண்டனில் காந்தப்புலம் செங்குத்துக்கு அணித்தாய்ச் சாய்ந்திருப்பதால் கிடையாக ஓடும் நதி அதனை நன்கு வெட்டும். நம் நாட்டில் அங்ஙனமன்று. இங்கு அதனை நன்கு வெட்டுவது வீழும் அருவியே. பிறநாட்டு நூலின் கணக்கை அப்படியே பெயர்த்துக்கொள்வதினும், நம் மண்ணில் நின்று நாமே கணக்கமைத்தல் சிறந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தமிழ் கற்போருக்கு இம்முறை புதிதன்று. பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறு வகையாகப் பகுத்துள்ளார். அறியாதவன் அறிதற்கு வினவுவதும், ஐயுற்றவன் தெளிதற்கு வினவுவதும் அவற்றுள் அடங்கும். நம் உரையாசிரியர்கள் தாமே தடை எழுப்பித் தாமே விடை கூறி நூலின் பொருளை நிறுவினர். அத்தடை விடைகளை நீக்கிவிட்டுச் சூத்திரத்தை மட்டும் ஓதுவானைத் தமிழ் கற்றவன் என யாரும் கூறார். மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை மட்டும் ஓதுவானைப் பௌதிகம் கற்றவன் என நாம் கூறுவது எங்ஙனம்?

“பாடத்திட்டமோ பெரிது, காலமோ சிறிது. வினாக்களில் பொழுது போக்கலாகுமோ?” என்பர் சிலர். பரீட்சை முடிந்த மறுவாரமே மறந்துபோகும் பாடத்திற்குச் செலவிட்ட காலமன்றோ வீணாயிற்று? “கணிதம் வாராதவர்க்கு இது இயலாது” என்பர் வேறு சிலர். புத்தகம் கட்டும் தொழிலில் பயிலுநராய் இருந்து, உயர்கணிதம் கல்லாத பாரடே தம் வினாக்களால் இவ்வியலையே வளர்த்தார். கணிதம் வேண்டா என்று யான் கூறவில்லை. வினா முன்னே செல்லட்டும், கணிதம் அதற்குத் துணையாய்ச் செல்லட்டும் என்கின்றேன். தீர்த்துவைத்த கணக்குகளை வழிகாட்டி நூல்களினின்றும் மனப்பாடம் செய்வதையும் யான் வினாக் கல்வி என்று கொள்ளேன். அதுவும் உருப்போடுதலின் மற்றோர் உருவமே.

இக்கல்விக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர் கே. எஸ். கிருஷ்ணன். அவர் பட்டம் பெற்றபின் கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனச் செய்முறை ஆசிரியராய் இருந்தபோது, நண்பகல் உணவு வேளையில் மாணவரைக் கூட்டி, பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகியவற்றில் எவ்வினாவையும் கேட்க இடமளித்தார். அருகிலிருந்த பிற கல்லூரி மாணவரும் அதனை நாடி வந்தனர். அவரே பின்னாளில் ராமனோடு சேர்ந்து 1928-இன் பெரிய கண்டுபிடிப்பில் பங்குகொண்டவர். படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்து புகழெய்தியவர். தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். ஒரு மிஷன் கல்லூரியின் உணவு வேளையில் அன்று நிகழ்ந்தது, நம் கல்லூரியில் இன்று நிகழலாகாதோ? வாரம் ஒருமுறை, எத்துறை மாணவரும் வந்து, தமிழில் அஞ்சாது வினவ ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுமாயின், அதற்குப் பெரும்பொருள் வேண்டா, ஒரு கரும்பலகையும், “எனக்குத் தெரியாது, தேடுவோம்” என்று சொல்லத் துணிந்த ஓர் ஆசிரியரும் போதும்.

என் தங்கையின் வினாவுக்கு இப்போது விடை கூற வல்லேன். வீடுகளிலுள்ள பழைய வகை மின்விசிறியில் காந்தப்புலமே மின்சாரத்தால் உண்டாவது. மின்சாரம் நின்றால் புலமும் மறையும். ஆதலின் திரும்பிச் செல்லத்தக்க மின்சாரம் அதில் இல்லையென்றே கூறலாம். நிலைக்காந்தம் பொருத்திய புதுவகை விசிறியாயின், சுழலும்வரை அதன் சுருளில் மின்னியக்கு விசை தோன்றவே செய்யும். இதனைக் கூறியபோது அவள் மகிழ்ந்தாள். உடனே மற்றொரு வினாவும் கேட்டாள். அதற்கு இன்னும் விடை காணவில்லை. ஆயினும் முன்போல் யான் அஞ்சவில்லை.

அடுத்த மழைக்குப்பின் கையில் ஒரு திசைகாட்டியோடு மீண்டும் கிளியூர் செல்லக் கருதியுள்ளோம். உடன்வர விரும்புவோர் வருக.