பாகால் என்றால் என்ன அர்த்தம்?

தமிழ் பைபிளில் "பாகால்" என்ற பெயர் அடிக்கடி வருகிறது. கானான் நாட்டுத் தெய்வத்தின் பெயர் என்று எண்ணி, பலரும் மேலே படித்துப் போய்விடுகிறார்கள்.

ஆனால், முதலில் அது பெயரே அல்ல!

எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்கு "உடையவன்", "எஜமான்" என்று அர்த்தம். வீட்டுக்கு உடையவனையும் மாட்டுக்கு உடையவனையும் அப்படித்தான் சொன்னார்கள். கணவனுக்கும் அதே சொல்தான். இன்றைய எபிரேய மொழியிலும் கணவனைக் குறிக்க அந்தச் சொல் வழங்குகிறது.

மழைத் தெய்வம்

1928-ம் ஆண்டு, சிரியா நாட்டுக் கடற்கரை அருகே ஒரு விவசாயி நிலத்தை உழுதார். கலப்பை ஒரு கல்லில் தட்டியது. அது ஒரு பழைய கல்லறை!

மறு ஆண்டு அந்தப் பகுதியைத் தோண்டினார்கள். உகாரித் என்ற பழைய நகரம் வெளிப்பட்டது. 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் பாகாலின் கதை எழுதப்பட்டிருந்தது. இடியும் மழையும் தரும் தெய்வம் அது. ஹதாத் என்பது அதன் மற்றொரு பெயர்.

இப்போது எலியாவின் கதையை நினைத்துப் பாருங்கள். நாட்டில் மழை இல்லை. மழைக்கு உடையவன் யார் என்பதே அங்கே வழக்கு! பாகால் மழைத் தெய்வம் என்பது தெரியாவிட்டால், கதையின் பாதி விளங்காது.

வெட்கம்!

சவுல் ராஜாவின் மகனுக்கு நாளாகமத்தில் எஸ்பால் என்று பெயர். சாமுவேல் புத்தகத்திலோ இஸ்போசேத்! "போசேத்" என்றால் வெட்கம். பாகாலை வெறுத்தவர்கள் பெயரை மாற்றி எழுதினார்கள் என்பது அறிஞர்களின் கருத்து.

ஓசியா தீர்க்கதரிசி இன்னும் நுட்பமாகப் பேசுகிறார். கடவுளை இனி "பாகாலி" என்று அழைக்காமல் "ஈஷி" என்று அழைக்கும் நாள் வரும் என்கிறார். இரண்டுக்குமே "என் கணவன்" என்று பொருள். ஆனால் முதல் சொல்லில் எஜமானின் அதிகாரம் தொனிக்கிறது. மற்றதில் அன்பு தொனிக்கிறது.

என்ன செய்யலாம்?

பாகாலை "ஆண்டவன்" என்று மொழிபெயர்த்தால் குழப்பம் வரும். வெறும் பெயராக விட்டாலோ அர்த்தம் மறைந்துவிடும்.

ஆகவே, பெயர் அப்படியே இருக்கட்டும். பக்கத்தின் அடியில் ஒரு வரி அர்த்தம் போடட்டும். அந்த ஒரு வரி இருந்தால், புதிதாக எழுத்துக் கற்றவருக்கும் ஓசியாவின் பேச்சு விளங்கும். படித்த பண்டிதருக்கு மட்டும் விளங்கினால் போதுமா?