தொழில் துறைக்கு யார் பதில் சொல்வது?

1991 ஜூலை 24 என்றதும் மன்மோகன் சிங்கின் வரவுசெலவுத் திட்ட உரைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அன்றைக்கு அந்த உரைக்குச் சில மணி நேரம் முன்பே மக்களவையில் இன்னொரு ஆவணம் வைக்கப்பட்டுவிட்டது. பதினெட்டுத் தொழில்களை மட்டும் விட்டுவிட்டு, நாற்பதாண்டு உரிம முறைக்கு முடிவுகட்டிய புதிய தொழில் கொள்கை அது. அதை வைத்தவர் இணையமைச்சர் பி.ஜே. குரியன். தொழில் துறையைக் கையில் வைத்திருந்த பிரதமர் நரசிம்ம ராவ் எழுந்து பேசவில்லை. நேருவின் வழியைக் கைவிட்ட பழி தன்மேல் நேராக விழாமல் பார்த்துக்கொண்ட அவருடைய சாமர்த்தியத்தைப் பலர் மெச்சியிருக்கிறார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு நாடு கொடுத்த விலை ஒன்று உண்டு. உரிமம் போனதோடு, நாட்டின் தொழில் வளர்ச்சிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சர் என்ற ஒருவரும் மெல்ல மெல்ல இல்லாமல் போனார். முதலாவது போனது நல்லதே. இரண்டாவது போனதை யாரும் பொருட்படுத்தவில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையில் இந்தத் துறை, காங்கிரஸ்காரர் அல்லாத சியாமா பிரசாத் முகர்ஜியிடம் இருந்தது. 1948 ஏப்ரலில் வெளியான முதல் தொழில் கொள்கைத் தீர்மானம் அவர் காலத்தது. ஆனால் பதவிக்கு உண்மையான பலம் வந்தது 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தால்தான். அட்டவணையில் உள்ள தொழில் எதுவானாலும் ஆலை தொடங்கவும், விரிவாக்கவும், புதிய பொருள் செய்யவும் தில்லியின் அனுமதி தேவை என்றது அச்சட்டம். அது நடைமுறைக்கு வந்த 1952இல் வணிகம், தொழில் இரண்டையும் ஏற்றவர் சென்னையின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி; தானே வியாபாரியாக இருந்தவர். உதிரிபாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை, உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கே அனுமதி என்று 1953இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்ததை அரசு ஏற்றது. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் கடையைக் கட்டின. எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆகி, லாரி உற்பத்தியில் வேரூன்றியது. அதே முடிவின் மறுபக்கம், அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்ற மூன்று கார்களோடு நாடு முப்பதாண்டு காத்துக்கிடந்தது. நன்மைக்கும் தீமைக்கும் சேர்த்து ஒருவர் பெயரைச் சொல்ல முடிகிறது. இன்றைய முடிவுகள் எதற்கும் அப்படிச் சொல்ல முடியுமா என்பதே நம் கேள்வி.

உரிம முறையின் அவலங்களை மறைக்க வேண்டியதில்லை. அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்வதே குற்றம் என்றிருந்த ஏற்பாட்டை இன்று யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் அந்த அவலங்கள் வெளிவந்த விதம் கவனிக்கத்தக்கது. பிர்லா குழுமம் விண்ணப்பங்களைக் குவித்து, பிறருக்கு வழியில்லாதபடி உரிமங்களை வளைத்துக்கொண்டதை 1967இல் பொருளியலாளர் ஆர்.கே. ஹஸாரியின் அறிக்கை எண்களோடு காட்டியது. நாடாளுமன்றம் கொதித்தது. உரிம முறையை விசாரிக்கத் தத் குழு அமைந்து 1969இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு ஏகபோகத் தடைச் சட்டமும் நிறைவேறியது. உரிமப் பதிவேடுகளெல்லாம் ஒரே அமைச்சகத்தில் இருந்ததால்தான் ஹஸாரியால் எண்ண முடிந்தது, உறுப்பினர்களால் ஒருவரை நிறுத்திக் கேட்க முடிந்தது. 1977-79இல் தொழில் அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் கோக்கோகோலாவையும் ஐபிஎம்மையும் விரட்டியதாகச் சொல்லும் கதையும் இதையொட்டியதே. அந்தக் கம்பெனிகளை மூலைக்குத் தள்ளியதும் அவருக்குத் தோள்கொடுத்ததும் இந்திரா காலத்தில் 1973இல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம். புகழும் வசையும் என்னவோ அவருக்குத்தான் போயின. நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தால் அப்படித்தான்.

இப்போது அந்த நாற்காலி எங்கே? எஃகு, ஜவுளி, மருந்து, உணவுப் பதப்படுத்தல், மின்னணு, கனரகத் தொழில், சிறு தொழில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அமைச்சகத்தில். 1999 முதல் எஞ்சியது வணிகத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியபின் அங்கே மூத்த பிள்ளை வணிகம்தான்: அந்த ஒருங்கிணைந்த அமைச்சகத்தில் முரசொலி மாறன் இருந்த காலத்தைப் பேசுபவர்கள் 2001 தோஹா மாநாட்டில் அவர் வல்லரசுகளோடு மல்லுக்கு நின்றதையே பேசுகிறார்கள். தொழில் பக்கத்தில் அந்நிய முதலீட்டு விதிகள், காப்புரிமை, தொழில் வழித்தடங்கள் உண்டு. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கொடுத்த சென்னைப் பதிவகமும் அந்தத் துறையின் கீழ்தான்.

அதிகாரம் குறைந்துவிட்டதால் பதவியும் சிறுத்தது என்றால் நியாயம். அதிகாரம் குறையவில்லை. 2020இல் அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் பதினான்கு துறைகளுக்கு 1.97 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியது. செல்பேசிக்கு ஓர் அமைச்சகம், மருந்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று எனக் கணக்கும் பிரிந்து கிடக்கிறது. சில்லு ஆலைகளுக்கு 76,000 கோடியில் தனித் திட்டம்; 2024இல் ஒப்புதல் பெற்ற குஜராத்தின் தோலேரா ஆலையின் மதிப்பு 91,000 கோடி, அதில் பாதியை ஒன்றிய அரசு தருகிறது. ஆலை வைக்காதே என்று ஒரு முதலாளியிடம் சொல்வதைவிட, ஆலைச் செலவில் பாதியை எடுத்துக் கொடுப்பது பெரிய அதிகாரம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் தயாரிப்புத் துறையின் பங்கை 2022க்குள் 25 விழுக்காடு ஆக்குவோம் என்று 2011இல் ஓர் அரசு சொன்னது. 2014இல் 'மேக் இன் இந்தியா' என்ற பெயரில் அடுத்த அரசும் அந்த இலக்கைச் சுமந்தது. 2022 வந்து போனது. பங்கு இருபதைக்கூட எட்டவில்லை. அவையில் எழுந்து காரணம் சொன்ன அமைச்சர் யார்?

ஒரே அமைச்சரிடம் குவித்தால் பழைய உரிம ராஜ்யம் திரும்பாதா என்பார்கள். அந்த ராஜ்யத்தை ஊட்டி வளர்த்தது மறுக்கும் அதிகாரம். நாம் கேட்பது கணக்குச் சொல்லும் கடமை. தவிர, பணத்தைப் பல அமைச்சகங்கள் பங்கிடுவதால் தயவு தேடி அலையும் தொழிலதிபர் பல வாசல் ஏற வேண்டியிருக்கிறதே தவிர, வாசல் ஏறுவது நின்றுவிடவில்லை. பிரதமர் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கிறார் என்ற பதிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஒருவரை எதற்கும் குறிப்பாக நிறுத்திக் கேட்க முடியாது.

கனமான மறுப்பு வேறொன்று. தொழில் என்பது மாநிலப் பட்டியலின் 24ஆம் பதிவு. ஒன்றியப் பட்டியலுக்கு உட்பட்டது என்றாலும் நிலமும் தண்ணீரும் மாநிலங்களுடையவை. தொழில்துறைச் சாராயத்தின் மீது மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தீர்ப்பளித்து 1951 சட்டத்தின் வீச்சைச் சுருக்கியும் இருக்கிறது. அப்படியிருக்க தில்லியில் வலுவான தொழில் அமைச்சர் எதற்கு, அது மாநில உரிமைக்கே உலைவைக்குமே என்ற அச்சம் தமிழ்நாட்டில் இயல்பானது. ஆனால் ஆலைக்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும்போது, தில்லியின் பாதிப் பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஏன் தோலேரா, ஏன் ஸ்ரீபெரும்புதூர் இல்லை என்று கேட்க விரும்பும் மாநிலத்துக்கு, அளவுகோல்களை எழுத்தில் வைத்துப் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பது பாதுகாப்பே. எந்த நிறுவனத்துக்கு, எந்த ஊரில், எவ்வளவு கொடுத்தோம், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை ஆண்டுக்கொருமுறை ஒரே அறிக்கையாக அவர் அவையில் வைக்கட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். 1961ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளை மாற்றி அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும்; உள்நாட்டு வணிகத்தையும் சேர்த்து இதே துறையின் பெயரை 2019 ஜனவரியில் நீட்டியபோது செய்ததும் அவ்வளவுதான்.